குசினியைத் திறப்பதா, மூடுவதா? கொழும்புத் தொடர்மாடிக்கு ஒரு கணக்கு

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் புதிதாக எழும் தொடர்மாடிகளின் வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். அநேகமானவற்றில் குசினிக்குச் சுவர் இருக்காது. ஹோலின் ஒரு பக்கத்தில் பான்ட்ரி அலுமாரிகள், அவற்றுக்கு எதிரே ஒரு மேடை, மேடையோடு உயரமான இரண்டு ஸ்டூல், மேலே தொங்கும் கறுப்பு விளக்குகள். படம் அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் எவரும் கருவாடு பொரிப்பதில்லை என்பதுதான் சங்கடம்.

பழைய வீட்டைத் திருத்துபவர்களுக்கும் இதே கேள்விதான் முதலில் வருகிறது. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் உள்ள பழைய மாடிகளில் குசினி என்றால் எட்டடிக்குப் பத்தடி, ஒரு யன்னல், ஒரு கதவு. அந்தச் சுவரை உடைத்துவிடலாமா? டொரொன்டோவில் இருக்கும் மகள் அனுப்பிய படங்கள் கைபேசியில் இருக்கின்றன. கொந்தராத்துக்காரரிடம் காட்டினால் "செய்யலாம்" என்கிறார். அவர் எதற்குத்தான் அப்படிச் சொல்லாமல் விட்டிருக்கிறார்?

புதுப் பாணி வேண்டும் என்று புறப்படுபவர்கள் பெரும்பாலும் நிறத்திலிருந்தும் கைபிடியிலிருந்தும் தொடங்குகிறார்கள். முதலில் சுவரைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அலுமாரி, கல், அடுப்பு எல்லாம் அந்த முடிவுக்குப் பின்னால் தாமாக வரிசையில் வந்து நிற்கும். என் வாக்கு எதற்கு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: கண்ணாடித் தள்ளுகதவு போட்ட குசினிக்கு. ஆனால் மற்ற இரண்டுக்கும் உள்ள நியாயத்தைக் கேட்காமல் தீர்ப்பெழுதுவது சரியல்ல.

திறந்த குசினியின் பக்கம் பலமான காரணங்கள் இருக்கின்றன. எண்ணூறு, தொள்ளாயிரம் சதுர அடி வீட்டில் ஒரு சுவர் போனால் வெளிச்சம் உள்ளே வரை வரும். கடற்பக்க யன்னலால் நுழையும் காற்று பின்பக்க யன்னலால் வெளியேற வழி கிடைக்கும். சமைப்பவர் வீட்டிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவராக நிற்க வேண்டியதில்லை. பிள்ளை மேடையில் கொப்பியை விரித்துக் கணக்குச் செய்ய, அம்மாவோ அப்பாவோ அந்தப் பக்கம் வெங்காயம் வெட்டலாம். விருந்தாளி வந்தால் தேநீர் ஊற்றியபடியே பேச்சைத் தொடரலாம். வேலைக்குப் போகும் இருவர், காலையில் பாணும் முட்டையும், இரவில் கடைச் சாப்பாடு அல்லது ஒரு பருப்புக் கறி என்று வாழும் வீடானால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். திறந்துவிடுங்கள்.

வாரத்தில் நாலு நாள் மீன் வாங்கும் வீடு வேறு. தாச்சியில் எண்ணெய் சூடேறும்போது எழுவது வாசம் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் காற்றில் ஏறி, குளிர்ந்த பரப்பு எதுவோ அதில் படிகின்றன. மின்விசிறியின் தகடு, யன்னல் திரை, சோபா உறை, ஏசியின் வடிகட்டி என்று ஒன்றும் தப்பாது. அதன் மேல் காலி வீதித் தூசு ஒட்டினால் துணியால் துடைத்துப் போகாத ஒரு மண்ணிறப் பசை மிஞ்சும். இரவில் ஏசி போட்டு யன்னலைச் சாத்தும் வீட்டில் நண்டுக் கறி வாசம் அடுத்த நாள் காலையிலும் குடியிருக்கும். கறித்தூளுக்கு மிளகாய் வறுப்பவர்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மாடி முழுவதும் தும்மும்.

"அடுப்புக்கு மேல் புகையை இழுக்கும் நல்ல ஹூட் ஒன்று பூட்டினால் சரி" என்று விற்பவர் சொல்வார். பூட்டலாம், கணக்கையும் போட்டுப் பார்த்தால். சமையலறைக் காற்றை மணிக்குப் பத்து, பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டும் என்பது பொதுவான அளவு. எட்டடிக்குப் பத்தடி, உயரம் ஒன்பது அடி கொண்ட மூடிய குசினியின் கொள்ளளவு 720 கன அடி, அதாவது ஏறத்தாழ 20 கன மீற்றர். பன்னிரண்டால் பெருக்கினால் மணிக்கு 245 கன மீற்றர் காற்றை இழுக்கும் விசிறி குறைந்தபட்சம் வேண்டும். அதே குசினியின் சுவரை உடைத்து இருபதடிக்குப் பதினாலடி ஹோலோடு சேர்த்துவிட்டால் கொள்ளளவு 3,240 கன அடி, சுமார் 92 கன மீற்றர். இப்போது தேவைப்படுவது மணிக்கு 1,100 கன மீற்றர். அந்தச் சக்தியில் ஓடும் ஹூட்டின் இரைச்சலில், எதற்காகச் சுவரை உடைத்தீர்களோ அந்தப் பேச்சைக் கேட்க முடியாது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் வேறு, வீட்டில் கிடைக்கும் எண் வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குழாய் நீண்டாலும் வளைந்தாலும் இழுவை குறையும். கரி வடிகட்டி வைத்து, காற்றைச் சுற்றி மீண்டும் வீட்டுக்குள்ளேயே விடும் ஹூட்டுகள் பொரியலுக்குச் சரிவராது. எண்ணெயில் ஒரு பங்கைப் பிடிக்கும்; சூட்டையும் ஈரப்பதத்தையும் அப்படியே திருப்பித் தரும். ஆகவே வெளிச்சுவரில் ஆறங்குலத் துளை போட முடியுமா என்று முதலில் கேளுங்கள். தொடர்மாடியில் அதற்கு முகாமைத்துவக் குழுவின் எழுத்து மூல அனுமதி வேண்டும். துளை வரும் இடத்தில் கட்டடத்தைத் தாங்கும் வளை (பீம்) இருக்கக் கூடாது. கடலைப் பார்த்த சுவரானால் இன்னொரு தொல்லை உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் துளைக்குள் நேரே ஊதும். வாயில் மடல் இல்லாத குழாய் அந்த மாதங்களில் புகையை வெளியே அனுப்பாது, உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும்.

இனி மூடிய குசினி. பழங்காலத்தது என்று இதை ஒதுக்குபவர்களுக்கு ஒரு வரலாற்றுத் துணுக்கு. பான்ட்ரி அலுமாரிகளின் மூதாதை என்று சொல்லத்தக்கது 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த பிராங்பேர்ட் குசினி. தொழிலாளர் குடியிருப்புகளுக்காக உருவாக்கப்பட்டது. அளவு 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர், அதாவது எழுபது சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. நமது பழைய மாடிக் குசினிகளைவிடச் சற்றுச் சிறியது. எட்டும் தூரத்தில் எல்லாம், தேவையற்ற நடை இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு லாச்சி. நவீனக் குசினி என்ற எண்ணமே ஒரு மூடிய அறையில்தான் பிறந்தது. அந்த அறைக்கும் இருப்பறைக்கும் நடுவே அவர் வைத்தது ஒரு தள்ளுகதவு. திறந்தால் பிள்ளையைப் பார்க்கலாம், மூடினால் புகை போகாது.

மூடிய குசினி வாசத்தை அடக்கும், பாத்திரக் குவியலை மறைக்கும், ஏசிச் செலவைக் குறைக்கும். அதன் குறை அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். காற்றில் ஈரம் எப்போதும் கனத்திருக்கும். இரண்டு அடுப்பு எரியும் எண்பது சதுர அடி அறையில் நண்பகலில் நிற்பது தண்டனை. யன்னல் வெளியே பார்க்காமல் கட்டடத்தின் உட்குழிக்குப் பார்த்திருந்தால் கீழ்மாடிக்காரரின் சமையலும் சேர்ந்து வரும். சமைப்பது வேறு யாரோ, நாம் சாப்பிடுவது மட்டும்தான் என்று நினைத்த காலத்து வரைபடங்கள் இவை. வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவரைக் கேட்காமல் இந்த முடிவை எடுக்கும் ஆண்கள் ஒரு வெசாக் விடுமுறையில் பதினைந்து பேருக்குச் சமைத்துப் பார்த்த பிறகு வரட்டும்.

தள்ளுகதவு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுவரின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, அலுமினியச் சட்டத்தில் கடினமாக்கிய கண்ணாடிக் கதவு போடுவது. வெளிச்சம் வரும், பிள்ளை தெரியும், பொரிக்கும்போது மூடலாம், தேநீருக்குத் திறந்து வைக்கலாம். கதவு மேல்தண்டவாளத்தில் தொங்கட்டும். தரையில் தண்டவாளம் பதித்தால் அரிசிப் பருக்கையும் தேங்காய்த் துருவலும் போய் அடையும். எறும்புக்கு நிரந்தரப் பந்தி. பாத்திரம் வெளியே தெரியக் கூடாதென்றால் கோடு விழுந்த கண்ணாடி நல்லது. இப்போதைய நாகரிகமும் அதுதான். மூன்றடி உயரம் வரை சுவரை அப்படியே விட்டு, அதற்கு மேலே மட்டும் கண்ணாடி போடுவது மலிவான மாற்று.

சுவரைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. தூண்களும் வளைகளும் தாங்கும் கட்டடத்தில் உட்சுவர் பெரும்பாலும் பாரம் சுமப்பதில்லை. பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி சம்மட்டியை எடுக்க வேண்டாம். ஒரு பொறியியலாளர் வந்து தட்டிப் பார்த்து எழுதித் தரட்டும். சுவருக்குள் மேல்மாடியின் தண்ணீர்க்குழாய் ஓடுகிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும்.

நுகேகொடை, தெஹிவளை உட்பக்கங்களில் தனி வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதமே தேவையில்லை. முன்னால் காட்டுவதற்கு ஒரு பான்ட்ரி, பின்னால் சமைப்பதற்கு ஒரு குசினி என்று இரண்டு வைத்துக்கொள்கிறார்கள். இடம் இருந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தொடர்மாடியில் சிலர் துணி காயப்போடும் பின் பல்கனியை அந்தப் பின் குசினியாக்கப் பார்க்கிறார்கள். காற்று அடுப்பை அணைக்கும், காகம் மீனைத் தூக்கும், குழு கடிதம் அனுப்பும்.

அலுமாரிக்கு எந்தப் பலகை என்பதில்தான் கொழும்பில் அதிகப் பணம் வீணாகிறது. காட்சியறையில் எல்லாம் ஒரே பளபளப்பு, வித்தியாசம் உள்ளே. மலிவானது மெலமைன் பூசிய துகள்பலகை. அடுத்தது எம்டிஎஃப். மரநாரை அழுத்திச் செய்த பலகை இது. மட்டமான பரப்பு, எந்த நிறமும் அழகாக ஏறும். வெள்ளைப் பளபளப்புக் கதவுகளில் பெரும்பாலானவை இதுதான். தண்ணீர் பட்டால் ஊதும், ஊதினால் திரும்பாது. சிங்கின் அடியில் ஒரு வளையம் மெல்லக் கசிந்தால் போதும். ஈரம் தாங்கும் வகை ஒன்று பச்சை நிற உள்ளீட்டோடு வருகிறது. அதுவும் ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. பச்சை நிறம் வெறும் சாயம் என்பதால், நிறத்தைக் கண்டு ஏமாறாமல் வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். காலையில் அளவுகோல் பதில் சொல்லும்.

பிளைவூட் அதைவிட உறுதி. திருகாணியை இறுகப் பிடிக்கும். அதிலும் கொதிநீர் தாங்கும் பசை கொண்ட தரம், கடைகளில் மெரைன் என்று விற்கப்படுவது, சிங்கின் கீழ் நிம்மதியாக இருக்கும். மெரைன் என்று ஒட்டியிருப்பது எல்லாம் மெரைன் இல்லை. முத்திரையையும் தர எண்ணையும் பார்க்க வேண்டும். மொறட்டுவைத் தச்சர்களிடம் தேக்கு, மகோகனி, பலா மரத்தில் முழு மரக் கதவு செய்விப்பது இன்றும் உண்டு. நன்றாக உலர்ந்த மரமானால் பேரப்பிள்ளை காலம் வரை இருக்கும். உலராத மரத்தில் செய்து தந்தால் முதலாவது மழைக்காலத்திலேயே கதவு பிடிக்கும், லாச்சி திறக்காது. விலையும் அதற்கேற்ப. முழுக் குசினியையும் மரத்தில் செய்யாமல் கண்மட்டத்தில் இரண்டு கதவுக்கு மட்டும் மரம் வைப்பது கண்ணுக்கும் நல்லது, கைக்கும் அடங்கும்.

அலுமினியப் பான்ட்ரியை நம்மவர்கள் சற்றுக் கேவலமாகப் பார்ப்பார்கள். கடைக்கதவு மாதிரி இருக்கிறதாம். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. கறையான் தின்னாது, தண்ணீரில் ஊதாது, கரப்பொத்தான் முட்டையிட மரப்பொந்து இல்லை. வாளியோடு தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். முன்பு மின்னும் வெள்ளி நிறத்தில் மட்டும் வந்தது. இப்போது மங்கல் கறுப்பு, சாம்பல், மரக்கோடு என்று தூள்பூச்சு நிறங்கள் இருக்கின்றன. மெல்லிய கறுப்புச் சட்டமும் கோட்டுக் கண்ணாடியும் சேர்ந்தால் படத்தில் வரும் நகரத்துப் பாணி அதிலேயே கிடைத்துவிடும். குறைகளும் உண்டு. மெல்லிய தகட்டில் செய்தால் லாச்சி இழுக்கும்போது தகரச் சத்தம் வரும். மரைன் டிரைவ் முகப்பில் உப்புக்காற்று பூச்சு உடைந்த இடங்களில் புள்ளி புள்ளியாக அரிக்கும். பாரமான கிரானைட்டைத் தாங்க உள்ளே குறுக்குச் சட்டம் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

நான் கலந்துதான் செய்வேன். கீழ்வரிசை, அதிலும் சிங்கின் கீழ், அலுமினியம் அல்லது நல்ல பிளைவூட். மேல்வரிசை ஈரம் தாங்கும் எம்டிஎஃப். தண்ணீர் அங்கே ஏறுவதில்லை. கீழ்வரிசையைத் தரையில் உட்காரவைக்காமல் நாலங்குலப் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தி, முன்னால் கழற்றக்கூடிய பலகை வைக்கச் சொல்லுங்கள். குழாய் உடைந்தால் தண்ணீர் ஓடிப்போக இடம் வேண்டும். செங்கல் மேடை கட்டி அதன் மேல் வைப்பது பழைய முறை. உறுதியானது, ஆனால் மூலை முழுவதும் கரப்பொத்தானின் கோட்டை. பிணைச்சலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முலாம் பூசிய இரும்புப் பிணைச்சல் கடற்கரை வீட்டில் சீக்கிரமே செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். 304 தர எவர்சில்வர் கேளுங்கள். பழைய சோனகத் தெருவில் ஒரு சனிக்கிழமை காலை ஏறி இறங்கினால், காட்சியறை விலைக்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளி விளங்கும்.

மேடைக்கல் பற்றிய விவாதம் நீண்டது. என் பதில் குறுகியது. கறுப்புக் கிரானைட். சூடான தாச்சியை இறக்கி வைக்கலாம், மஞ்சள் தெரியாது, தேசிக்காய்ப் புளியும் பழப்புளியும் பாதிக்காது. பளிங்கு சுண்ணாம்புக் கல்லின் வகையைச் சேர்ந்தது. புளி பட்ட இடமெல்லாம் மங்கும். நம் சம்பலுக்கு அது எதிரி. குவார்ட்ஸ் என்று விற்கப்படுவது அரைத்த படிகக்கல்லைப் பிசினோடு அழுத்திச் செய்த செயற்கைக் கல். ஒரே நிறமாக, இணைப்புத் தெரியாமல் வரும். அதனால்தான் வெண்மையான நவீனக் குசினிகளின் செல்லப்பிள்ளை. ஆனால் பிசின் சூட்டைத் தாங்காது, நேர் வெயில் விழுந்தால் மஞ்சளிக்கும். அதை வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசு தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் செயற்கைக் கல்லைத் தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எந்தக் கல்லானாலும் உங்கள் பல்கனியில் வைத்து உலர்வெட்டு வெட்ட விடாதீர்கள். தண்ணீர் ஓடும் வாளில், பட்டறையில் வெட்டி வரட்டும்.

மேடையின் விளிம்பைப் பற்றி எந்த வடிவமைப்பாளரும் கேட்பதில்லை. தேங்காய் துருவும் கைச்சுழல் துருவலையைப் பூட்ட மேடை ஓரங்குலமாவது முன்னால் நீண்டிருக்க வேண்டும். அதன் கீழே திருகு ஏற இடைவெளியும் வேண்டும். கல் அப்படியே தரை வரை மடிந்து இறங்கும் அருவி விளிம்பு இப்போது பிரபலம். அதில் துருவலை பூட்ட முடியாது. இடியப்பம் பிழிபவருக்கு உயரமும் முக்கியம். வழமையான மேடை 34 முதல் 36 அங்குலம். ஐந்தடி உயரமான அம்மா அதில் உரலை அழுத்தினால் தோள் ஏறி நிற்கும். முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே மேடை வந்தால் சரி; அவருக்கு 32, 33 போதும். வேலையாட்கள் அளவெடுக்க வரும் நாளில் அம்மாவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். நீத்துப்பெட்டியும் புட்டுக்குழலும் இடியப்பத் தட்டுக் கட்டும் எந்த லாச்சிக்குள் போகும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டால், பிறகு அவை குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏறாது.

எரிவாயுவா, மின்னில் ஓடும் இன்டக்‌ஷனா? 2021க்கு முன் இது ரசனைக் கேள்வி. அந்த ஆண்டின் நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் எரிவாயுச் சிலிண்டர்களோடு தொடர்புடைய வெடிப்புகள் நடந்தன. சிலிண்டரில் புரோபேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியதைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. 2022இல் சிலிண்டருக்காக வரிசைகள். இன்டக்‌ஷன் வாங்கியவர்கள் தப்பித்தோம் என்று நினைத்த வேளையில், மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததால்தான் நாடே இருண்டது என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். இந்த நாட்டில் ஒரே எரிபொருளை நம்பிக் குசினி கட்டக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

செலவைப் பாருங்கள். 12.5 கிலோ சிலிண்டரில் அடங்கியுள்ள வெப்பம் ஏறத்தாழ 160 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எரிவாயு அடுப்பில் அதில் பாதி அளவே பாத்திரத்துக்குள் போகிறது. மீதி குசினியைத்தான் சூடாக்குகிறது. இன்டக்‌ஷனில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு பாத்திரத்துக்குப் போகும். ஆக ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இன்டக்‌ஷன் 75 முதல் 95 யூனிட்டுக்குள் செய்துவிடும். அதை உங்கள் கட்டணப் படியால் பெருக்குங்கள். மாதம் 180 யூனிட்டைத் தாண்டும் ஏசி வீட்டுக்கு ஒவ்வொரு கூடுதல் யூனிட்டும் ஆக உயர்ந்த படியில்தான் விழும். சூரியப் படல் வைத்திருக்கும் வீட்டுக்குக் கதையே வேறு.

மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். பல வீடுகளுக்குக் கிடைப்பது 30 ஆம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. 230 வோல்ட்டில் அது 6,900 வாட். இரண்டு தட்டு இன்டக்‌ஷன் முழுவேகத்தில் 3,500 வாட் வரை இழுக்கும். அதோடு ஒரு ஏசி, ஒரு வெந்நீர்க் கருவி, ஒரு மின்கேத்தல் சேர்ந்தால் பிரேக்கர் விழும். இன்டக்‌ஷனுக்குத் தனிக் கம்பி இழுக்காமல் பழைய பிளக்கில் செருகுவது ஆபத்து. மண்சட்டியும் அலுமினியத் தாச்சியும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். மண்சட்டி மீன் குழம்பை விட முடியாதவர்களுக்கு எரிவாயு இல்லாமல் சரிவராது. என் தெரிவு இரண்டு எரிவாயு வாய், பக்கத்தில் ஒரு இன்டக்‌ஷன் தட்டு. சிலிண்டரை அலுமாரிக்குள் அழகாக மறைப்பதானால் கதவின் அடியில் துவாரம் இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாணி. கொழும்பில் இன்று விற்பனையாவது மூன்று. வெள்ளைப் பளபளப்பு; சிமெந்துச் சாம்பலும் கறுப்பு இரும்பும்; பிரம்பும் மரமும் மெருகிட்ட சிமெந்துத் தரையும் சேர்ந்த, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெயரால் பாவா பாணி என்று விளம்பரப்படுத்தப்படுவது. முதலாவதில் மஞ்சள்தூள் பட்ட கறை உங்களைவிட நீண்ட நாள் வாழும். மங்கல் கறுப்பில் எண்ணெய்க் கைரேகை ஒவ்வொன்றும் தெரியும். பொலிஸ் வந்தால் பயன்படும். சாம்பல், ஆலிவ் பச்சை, களிமண் நிறம் போன்ற நடுநிறங்கள் நம் சமையலை மன்னிப்பவை.

பாவா பாணியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜெஃப்ரி பாவாவின் சொந்த வீடு கொழும்பு 33ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. 1950களின் இறுதியிலிருந்து நாலு சிறு பங்களாக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து உருவாக்கியது. அனுமதி பெற்றுப் போய்ப் பார்க்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது நாற்காலியையோ நிறத்தையோ விட, சிறு முற்றங்கள் வழியாகக் காற்றும் வெளிச்சமும் உள்ளே இறங்கும் முறை. அவருக்கு முன்பே கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வாவும் உள்ளூர்க் கைவினையையும் காலநிலையையும் நவீனக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தவர். ஏழாம் மாடியில் முற்றம் கிடையாது. பிரம்புக் கதவை மாட்டிவிட்டு யன்னலைச் சாத்தி ஏசி போட்டால் அது பாவாவும் இல்லை, பாணியும் இல்லை. பிரம்பு எண்ணெய்ப் புகையில் பிசுபிசுத்து, ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஹோலில் வையுங்கள், அடுப்பின் பக்கத்தில் வேண்டாம். மெருகிட்ட சிமெந்துத் தரை குளிர்ச்சியானது, இணைப்பு இல்லாதது. ஆனால் கட்டடம் அசையும்போது மயிர்வெடிப்பு விழும், எண்ணெய் சிந்தினால் வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டுக் குசினிக்கு சொரசொரப்பான மங்கல் ஓடுதான் பாதுகாப்பு. இந்நாட்டிலேயே நல்ல ஓடு தயாராகிறது.

பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால் நான் வரிசைப்படுத்தும் விதம் இது: வெளியே ஊதும் ஹூட்டும் அதன் துளையும், தனி மின்கம்பி, சிங்கின் கீழ் நல்ல பலகை, பிணைச்சல், கல், தள்ளுகதவு. தொங்கும் விளக்கும் மேல்வரிசைக் கதவின் நிறமும் அடுத்த ஆண்டு போனஸுக்குக் காத்திருக்கலாம். கதவை மட்டும் மாற்றி, உள்ளே இருக்கும் பெட்டியை வைத்துக்கொள்ளவும் முடியும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னவற்றில் முக்கால்வாசி பொருந்தாது. அவர்கள் சுவரிலும் கல்லிலும் ஒரு சதமும் போடக் கூடாது. எவர்சில்வர்க் கால்கள் உள்ள தனி மேசை ஒன்று, சில்லு வைத்த தட்டு அலுமாரி ஒன்று, யன்னலில் பொருத்தும் எக்சோஸ்ட் விசிறி, கையால் தூக்கக்கூடிய இன்டக்‌ஷன் தட்டு. திறந்த குசினியுள்ள வாடகை வீடானால் ஹோல் எல்லையில் ஒரு கம்பி இழுத்து, துவைக்கக்கூடிய கனத்த திரை ஒன்று தொங்கவிட்டால் பொரியல் புகையில் கணிசமான பங்கு அதிலேயே நிற்கும். வீட்டுக்காரரிடம் விசிறிக்காக யன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்ற அனுமதி கேட்கும்போது, கழற்றிய கண்ணாடியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வீட்டை விட்டுப் போகும் நாளில் முற்பணத்தில் கழிக்கப் பார்க்கும் முதல் பொருள் அதுதான்.